கண்ணை மூடாத செபம்

எனக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் பார்க்காத டாக்டர் இல்லை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் சகோதரிகளே. எனக்குப் பின்னால் இந்த வீட்டுக்கு வாழவந்த அமலா, என் கொழுந்தன் மனைவி, வந்த வருடமே உண்டானாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஆண் குழந்தை பிறந்தது. தெருவே கொஞ்சியது. எனக்கு வயிறு எரிந்தது. அமலா சிரித்தால் எரிச்சல், சிரிக்காவிட்டாலும் எரிச்சல். 'நான் மட்டும் என்ன பாவம் செய்தேன் ஆண்டவரே?' காலையிலும் இதுதான் என் செபம், மாலையிலும் இதுதான். மாமியார் என்னைத் தாண்டிப் போகும்போது குழந்தையை முந்தானையால் மூடுவார். ஒருநாள் வாய்விட்டே சொன்னார்: "புள்ளைய அப்புடி வெறிச்சு வெறிச்சுப் பாக்காத. கண்ணு பட்டுடும்." அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

போன தை மாதம் எங்கள் வரதராசன்பேட்டைப் பங்குக் கோயில் பெண்கள் வேன் பிடித்து, பெரம்பலூர் தாண்டி ஏரிக்கரையில் இடிந்து கிடக்கும் பழைய மாதா கோயிலுக்குப் போனோம். கூரை கிடையாது. பீடம் இருந்த இடத்தில் ஆலஞ்செடி முளைத்திருந்தது. கதவில்லாத வாசலைத் தாண்டினால் நாலு எட்டில் ஏரி. அந்த வருட மழைக்கு நிரம்பிக் கிடந்தது. அமலா, அப்போதுதான் நடை பழகியிருந்த பிள்ளையோடு நன்றி சொல்ல வந்திருந்தாள். நான் என் வீட்டுக்காரர் பிடுங்கல் தாங்காமல் வந்திருந்தேன்.

கட்டுச்சோற்றைப் பிரிக்கும் முன், கூட வந்த டீச்சர், "எல்லாரும் கண்ண மூடி மனசுல உள்ளத மாதாகிட்ட சொல்லுங்க" என்றார். எல்லாரும் மூடினார்கள். அமலா குழந்தையைப் பக்கத்தில் துண்டில் உட்கார வைத்துவிட்டு, "எம் புள்ளைய நீங்கதாம்மா பாத்துக்கணும்" என்று சத்தமாகவே கேட்டாள்.

எனக்குக் கண்ணை மூட வரவில்லை. குழந்தையையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்குக் கொடுத்தீரே, எனக்கு ஏன் இல்லை? அவன் எழுந்தான். தத்தித் தத்தி வாசலைத் தாண்டினான். இவள் பிள்ளை வளர்க்கும் லட்சணத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு நொடி பேசாமல் இருந்தேன். அப்புறம் அவன் தலை கரைக்குக் கீழே மறைந்தது.

எப்படி ஓடினேனோ தெரியாது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அவனைத் தூக்கினேன். இருமினான், வீறிட்டு அழுதான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அமலா ஓடிவந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க மட்டும் பாக்கலன்னா..."

அவள் கேட்டதை மாதா என்னை வைத்துத்தான் செய்துகொடுத்தாள். செபத்தில் இருந்த எந்தக் கண்ணும் உதவவில்லை. பொறாமையில் திறந்துகிடந்த கண்தான் உதவியது. நினைத்து நினைத்து வேனில் ஊர் வரும்வரை அழுதேன்.

எனக்கு இன்னும் பிள்ளை இல்லை. பொறாமையும் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது மாமியார் வெளியே கிளம்பும்போது பேரனை என் மடியில்தான் விட்டுப் போகிறார்.

சகோதரிகளே, மனசு சுத்தமான பிறகு ஆண்டவரிடம் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். எரிகிற வயிற்றோடே போங்கள். கண்ணை மூட வராவிட்டால் திறந்தபடியே உட்காருங்கள். அவர் அதையும் வீணாக்க மாட்டார்.