அக்காவுக்கு எழுதிய இரண்டாவது கடிதம்

வருடத்துக்கு ஒருமுறை நாங்கள் நாலைந்து பேர் மெல்பர்னில், ஸ்பிரிங்வேலில் ஒரு கடையில் கூடித் தேநீர் குடிப்போம். எல்லோரும் எழுபதுகளில் அந்தச் சபைக்குள் இருந்து, பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தவர்கள். மற்றவர்கள் வெள்ளைக்காரர்கள், நான் ஒருவன்தான் யாழ்ப்பாணத்தான். பழசையெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள். என் முறை வரும்போது நான் தகரப்பேணிக் கதையைச் சொல்லிச் சமாளித்துவிடுவேன். கடிதக் கதையை இதுவரை அங்கே எடுத்ததில்லை.

சபை என்று சொல்வது, அதன் பெயரை எழுத இன்றும் கை கூசுவதால்தான். சாமியும் இல்லை, பூசையும் இல்லை, ஆனாலும் தங்களை ஒரு திருச்சபை என்றே சொல்லிக்கொண்டார்கள். மனதில் கிடக்கும் பழைய காயங்களை ஒவ்வொன்றாகக் கழுவி எடுத்துவிட்டால் மனிதன் பயமே இல்லாதவனாகிவிடுவானாம். இருபத்தாறு வயதில், வேலையிடத்தில் மேலாளர் கூப்பிட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் ஒருவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? டண்டினோங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் நான் படவரைஞர். நோபல் பார்க்கில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். சனி ஞாயிறுகளில் பேச ஆளில்லாமல் நகரத்துக்கு ரயிலேறிப் போய், தெருத்தெருவாக நடந்துவிட்டுத் திரும்புவேன். அப்படி நடந்தபோதுதான் ஒரு பெண் சிரித்துக்கொண்டே கேள்வித்தாள் ஒன்றை நீட்டினாள். மெல்பர்னில் என்னைப் பார்த்து முதலில் சிரித்தவள் அவள்தான். மாட்டிக்கொண்டேன்.

முதல் பாடம் ஒருவரை ஒருவர் பார்ப்பது. இரண்டு கதிரைகளை எதிரெதிராகப் போட்டு, முழங்கால் முட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து, இமைக்காமல் மணிக்கணக்காகக் கண்ணுக்குள் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளையை அப்படிப் பார்த்தால் அவளுடைய அண்ணன்மார் வீடு தேடி வருவார்கள். இங்கே சான்றிதழ் தந்தார்கள். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன், ஆறே வாரத்தில் மேலாளரிடம் நிமிர்ந்து நின்று பேசினேன். அதனால்தான் மற்றதையெல்லாம் நம்பினேன்.

மற்றது என்றால் அந்தப் பெட்டி. அதில் ஒரு ஊசி, பெட்டியிலிருந்து இரண்டு வயர்கள், வயர்களின் நுனியில் பால்மா டின் போல இரண்டு தகரப்பேணிகள். பேணிகளைக் கைக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நான் உட்கார வேண்டும். மேற்பார்வை செய்யும் அம்மையார் பெட்டியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். ஊசி துள்ளினால் நான் எதையோ மறைக்கிறேன் என்று அர்த்தம். அதைச் சொல்லும்வரை கேள்வி ஓயாது. சொன்னதெல்லாம் என் பெயர் போட்ட கோப்புக்குள் போகும். அம்மையாரின் குரல் மிக இனிமையானது. அந்தக் குரலில்தான் என்னிடமிருந்து எல்லாவற்றையும் கறந்தார்.

அப்படித்தான் அக்காவும் கோப்புக்குள் போனார். என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர், அம்மா செத்தபின் என்னை வளர்த்தவர். அவருடைய கணவர், என் அத்தான், ஊர்த் தபால் கந்தோரில் போஸ்ட்மாஸ்டர். நான் சபையில் சேர்ந்ததைப் பெருமையாக எழுதியிருந்தேன். அக்காவின் பதில் இப்படி வந்தது: "தம்பி, உந்த ஆக்கள் ஆர்? அத்தான் சொல்லுறார் உவங்கள் ஏமாத்துக்காரர் எண்டு. உதெல்லாத்தையும் விட்டுப்போட்டு ஒழுங்காக் கோயிலுக்குப் போ." மெல்பர்னில் அப்போது கோயில் எங்கே இருந்தது, போவதற்கு!

வீட்டில் உன்னை யாராவது தடுக்கிறார்களா என்று அம்மையார் கேட்டார். இல்லை என்றேன். ஊசி துள்ளியிருக்க வேண்டும். திரும்பக் கேட்டார். மூன்றாம் தடவை உளறிவிட்டேன்.

சபைக்கு எதிராகப் பேசுகிறவர் பெற்ற தாயானாலும் எதிராளிதான். எதிராளியோடு தொடர்பு உள்ளவனுக்கு மேற்கொண்டு பாடம் கிடையாது. தொடர்பைக் கடிதம் எழுதி அறுக்க வேண்டும், கடிதத்தை அம்மையாரிடம் காட்டிவிட்டுத்தான் தபாலில் சேர்க்க வேண்டும், ஒரு பிரதி கோப்பில் இருக்க வேண்டும். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றேன். அப்படியானால் தமிழில் எழுது, பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பையும் வை என்றார்.

அந்த இடத்தில் என் மூளை முதன்முறையாக வேலை செய்தது. ஆங்கிலத்தில் அவர்கள் கேட்டதையெல்லாம் எழுதினேன்: உங்களோடு எனக்கு உறவில்லை, இனி எழுத வேண்டாம். தமிழில் எழுதியது வேறு. "அக்கா, பயப்படாதேங்கோ. இஞ்ச ஒரு காரணத்துக்காக இப்பிடி எழுத வேண்டியிருக்கு. இனி வேலையிட விலாசத்துக்கு எழுதுங்கோ. அத்தானுக்கும் சொல்லுங்கோ." கார்பன் தாள் வைத்து எழுதி, இரண்டையும் மேசையில் வைத்தேன். அம்மையார் ஆங்கிலத்தை வாசித்துத் தலையாட்டிவிட்டு, தமிழ்ப் பக்கத்தைக் கோலம் பார்ப்பதுபோலப் பார்த்தார். கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அக்காவின் பதில் தொழிற்சாலைக்கு வந்தது. "ஓம் தம்பி, விளங்குது. அத்தானுக்குச் சொன்னனான், அவர் விழுந்து விழுந்து சிரிச்சார். ஆளுக்குக் கொஞ்சம் இருமல், பெரிசா ஒண்டுமில்லை." அதை மடித்து, வரைபலகையின் கீழ் லாச்சியை இழுத்து, பென்சில்களுக்கு அடியில் வைத்தேன்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை போனது. வாரம் ஒருமுறை பேணியைப் பிடிக்க வேண்டுமே! "எதையாவது எங்களிடம் மறைக்கிறாயா?" இதுதான் ஒவ்வொரு தடவையும் முதல் கேள்வி. கை வியர்த்தால் ஊசி ஆடும் என்று நினைத்து, ரயிலில் இருந்து இறங்கியதும் உள்ளங்கையில் பவுடர் பூசிக்கொள்வேன். ஊசி துள்ளும்போது ஒப்புக்கொள்ளச் சின்னச்சின்னக் குற்றங்களைத் தயாராக வைத்திருப்பேன். தொழிற்சாலைப் பென்சிலை வீட்டுக்குக் கொண்டுபோனது. ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்தது. ஒருநாள் ஒன்றும் அகப்படாமல், வெள்ளிக்கிழமை இறைச்சி வைத்த பேஸ்ட்ரி சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது எப்படிக் குற்றமாகும் என்று அம்மையாருக்குப் பிடிபடவே இல்லை. வெள்ளிக்கிழமை விரதத்தை அவருக்கு விளக்குவதிலேயே அந்த மணிநேரம் கழிந்தது. தப்பினேன் என்று வெளியே வந்தேன்.

இப்படி ஐந்தாறு மாதம் ஓட்டினேன். பிறகு புதிதாக ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும், மலேசியாவிலிருந்து பொறியியல் படிக்க வந்தவர். ஒரு சனிக்கிழமை மாடிப்படியில் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் கூப்பினார்.

"வணக்கம் அண்ணே! ஒங்களப் பாத்தவொடனே தமிழாளுன்னு தெரிஞ்சிருச்சு."

எத்தனையோ மாதத்துக்குப் பின் காதில் விழுந்த தமிழ் அது. கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நானோ ஒரு படி பின்வாங்கினேன். அவருக்குப் பின்னால் நின்ற அம்மையார் சிரித்துக்கொண்டே, "இனி உங்கள் மொழிக் கடிதங்களைப் பார்க்க எங்களுக்கும் ஒருவர் கிடைத்துவிட்டார்" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரா, எச்சரித்தாரா என்று தெரியவில்லை. இன்றுவரை தெரியாது.

அந்தக் கிழமை முழுவதும் நான் ஒரு நேர்கோட்டை ஒழுங்காகக் கீறவில்லை. கோப்பு அங்கே அலுமாரியில் இருக்கிறது. அதற்குள் என் கையெழுத்தில், "பயப்படாதேங்கோ அக்கா" இருக்கிறது. மலேசியாக்காரர் எடுத்து இரண்டு வரி வாசித்தால் போதும். பிடிபட்டால் என்ன செய்வார்கள்? அடிக்கமாட்டார்கள், பூட்டி வைக்கமாட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நிற்க வைத்துப் பொய்யன் என்பார்கள், பிறகு ஒருவரும் என்னோடு பேசமாட்டார்கள். இப்போது சொல்லும்போது அற்பமாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அந்த நகரத்தில் வேறு மனிதரே இல்லை. திரும்பவும் அந்தப் பின்னறையின் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் ஆகாது.

வியாழக்கிழமை வேலை முடிந்து நேரே அம்மையாரிடம் போனேன். முதல் கடிதத்தில் நான் உறுதியாக இருக்கவில்லை, இன்னும் கடுமையாக எழுத விரும்புகிறேன், பழைய பிரதியை எடுத்துவிட்டு இதை வையுங்கள் என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. நானாகவே போய்ச் சொன்னேன். அம்மையாருக்குக் கண் கலங்கிவிட்டது. என் தோளைத் தட்டினார்.

இந்தத் தடவை தமிழும் ஆங்கிலமும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னதை அழிப்பதுபோல எழுதவும் வேண்டும். "முதல் எழுதிய கடிதத்தை நம்ப வேண்டாம். அது என் பலவீனத்தில் எழுதியது. நீங்களும் அத்தானும் இனி எனக்கு எழுத வேண்டாம். வேலையிடத்துக்கும் எழுத வேண்டாம். என்ன நடந்தாலும் எனக்கு அறிவிக்க வேண்டாம்." கடைசி வரியை அம்மையார் கேட்கவில்லை. கடுமையாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன். அக்கா என்று தொடங்காமல் நேரே விஷயத்துக்குப் போனேன். பழைய பிரதியைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கடிதத்தை நானே தெருமுனைத் தபால்பெட்டிக்குள் போட்டேன். அடுத்த நாள் பேணியைப் பிடித்தபோது, ஊசி அசையவில்லை என்று அம்மையார் சொன்னார். வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுசனிக்கிழமை அம்மையார் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார். என் புதிய கடிதம் ஒரு முன்மாதிரி, மற்றவர்களுக்கும் காட்டப் போகிறோம், அதற்கு முன் மொழிபெயர்ப்பு சரிதானா என்று பார்க்க வேண்டும் என்று தமிழ்ப் பிரதியை மலேசியாக்காரரிடம் கொடுத்தார். அவர் தாளை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்தார். முகம் சிவந்தது. அம்மையாரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குப் பேசத்தான் வரும் அண்ணே. எழுதப் படிக்கத் தெரியாது. சின்னதுலேர்ந்தே இங்கிலீஷ் ஸ்கூலு."

எங்கள் ஊரில் தமிழ் பேசுகிற எவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியும். அப்படி இல்லாத ஒரு தமிழன் உலகத்தில் இருப்பான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாடிப்படியில் வைத்து, தமிழ் வாசிப்பீர்களா என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அம்மையார் பரவாயில்லை என்று தாளைக் கோப்பில் போட்டு மூடினார்.

மூன்றாவது கடிதம் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எத்தனையோ தடவை தொடங்கினேன். இரண்டாவதை நம்ப வேண்டாம், முதலாவதை நம்புங்கள் என்று எழுதினால் எனக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். அதோடு, எழுதினால் அடுத்த கிழமை ஊசி துள்ளும். கோழை நான், வேறு விளக்கம் இல்லை. அக்கா சண்டை பிடித்து ஒரு கடிதம் போடுவார் என்று தினமும் தொழிற்சாலைத் தபாலைப் பார்த்தேன். வரவில்லை. நம்பிவிட்டார் என்று அவர்மேலேயே கோபப்பட்டேன்.

முன்மாதிரி என்றதால், கடிதம் எழுத வருகிறவர்களுக்குத் தாள் கொடுத்து உதவும் வேலையை எனக்கே தந்தார்கள். ஒன்றரை வருடம் அதைச் செய்தேன். ஒருநாள் ஒரு கிரேக்கப் பெண் தன் தாய்க்கு எழுத உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்து, "அம்மா என்று தொடங்கலாமா, கூடாதா?" என்று கேட்டாள். தாள்கட்டை மேசையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன். திரும்பிப் போகவே இல்லை. தேடி வருவார்கள் என்று பயந்து அறையை மாற்றினேன். கதவு தட்டப்பட்டால் விளக்கை அணைத்துவிட்டு இருப்பேன். சில மாதம் கழித்துத்தான் தைரியம் வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தபால் கந்தோருக்குப் போன் எடுக்கிறேன் என்று அக்காவுக்குத் தந்தி அடித்தேன். அத்தான்தான் எடுப்பார், முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டு அவரைச் சிரிக்க வைத்துவிட்டால் அக்காவைச் சமாளித்துவிடலாம் என்பது என் கணக்கு.

மூன்று நிமிட அழைப்பு. எடுத்தது வேறு குரல்.

"போஸ்ட்மாஸ்டர் ஐயா இல்லையோ?" என்றேன்.

"நான்தான் போஸ்ட்மாஸ்டர். பொறுங்கோ, அவ வந்து நிக்கிறா."

அத்தானுக்கு வேறு கந்தோருக்கு இடமாற்றம் கிடைத்திருக்கும், அக்காவோடு அவரும் வந்து நிற்பார் என்று நினைத்தேன். அக்காவின் மூச்சு கேட்டது. தம்பி, தம்பி என்று இரண்டு தடவை சொன்னார். சுகமாக இருக்கிறேன், அங்கிருந்து வந்துவிட்டேன் என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, "அத்தானிட்டக் குடுங்கோ" என்றேன்.

"அத்தான் போய் ரெண்டு வருஷமாகப் போகுது, தம்பி. உந்த இருமல்தான்."

"ஏன் எனக்கு அறிவிக்கேல்லை?" கத்தினேன். கத்த எனக்கு என்ன உரிமை இருந்தது?

"என்ன நடந்தாலும் அறிவிக்க வேண்டாம் எண்டு எழுதினனியெல்லோ. நீ பயந்துபோய் எழுதினது எண்டு எனக்குத் தெரியும். அத்தானும் அப்பிடித்தான் சொன்னவர். நாங்கள் எழுதப்போய் உனக்குக் கரைச்சல் வந்திடக்கூடாது எண்டு பேசாமல் இருந்தனாங்கள்."

பிறகு மெதுவாகக் கேட்டார்: "இனி எழுதலாமோ, தம்பி?"

மூன்று நிமிடத்தில் மிச்சம் இருந்தது முழுவதையும் அழுதே தீர்த்தேன்.