அல்பேர்ட் கீறிய பாதி நிலா

அல்பேர்ட்டை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் என்னிடம் நியாயம் கேட்டு வரவேண்டாம்.

யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரன். ஊரில் படம் கீறித் திரிந்தவன். எண்பத்தேழில் ஒஸ்லோவுக்கு வந்தவன். எல்லிங்ஸ்ருட்டில் ஒரு பள்ளிக்கூடத்தைக் கூட்டித் துடைக்கிற வேலை. ஞாயிறு பூசை முடிந்து நாங்களெல்லாம் வீட்டுக்குச் சாப்பிடப் போக, இவன் நகரத்து ஓவியக்கூடத்துக்குப் போவான். அங்கே பழைய நோர்வே ஓவியர்கள் கீறிய கடல்களுக்கு முன்னால் மணிக்கணக்கில் நிற்பான். கறுத்த முகில், பாதி மறைந்த நிலா, பாறையில் மோதி உடைந்த கப்பல். பிறகு வந்து எங்களுக்கு வகுப்பெடுப்பான். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்!

2004இல் எங்கள் சங்கத் தலைவர் ஜெயரத்தினத்தின் மகள் தர்மினிக்குக் குரோருட் மண்டபத்தில் நடன அரங்கேற்றம். மேடைச் சோடனை என் பொறுப்பு. பின்திரைக்கு நிலாவும் கடலும் வேண்டும், அதை அல்பேர்ட் கீறட்டும் என்றார் தலைவர். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே!

நோர்வேக்கு வந்தபிறகு அவனுடைய படத்தைச் சபை பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வேலை முடிந்து வந்து, மண்டபத்து நிலவறையைப் பூட்டிக்கொண்டு கீறினான். ஒருவருக்கும் காட்டவில்லை. அரங்கேற்றத்துக்கு முதல் நாள் பின்னேரம்தான் இரண்டு பேருமாகத் திரையைத் தூக்கிக் கட்டினோம். எனக்குப் பகீர் என்றது. ஒரே இருட்டு. முகிலுக்குள் பாதி நிலா. கரையில் உடைந்த வள்ளம்.

"என்னடாப்பா இது? நல்ல காரியத்துக்கு உடைஞ்ச வள்ளமோ? செத்தவீடு எண்டு நினைச்சியோ?"

"உனக்கு விளங்காது வரதராசா. நிலவை முழுசாக் காட்டினா கடலிலை விழுற வெளிச்சம் செத்துப்போம். இதிலை கை வைக்காதை."

எனக்கு விளங்காதாம்! அவன் போனதும் கை வைத்தேன். சுவருக்கு அடிக்கிற நீலப் பெயின்ரால் முகிலை மூடினேன். வள்ளத்தின்மேல் இரண்டு தென்னை மரம் கீறினேன். சோற்றுக் கிடாரத்து மூடியை வைத்து வட்டம் கீறி, மஞ்சளாக ஒரு முழு நிலா ஏற்றினேன்.

மறுநாள் அவன் வாசலில் நின்று பார்த்தான். முகம் சுண்டிப்போயிற்று. நேரே கடைசி வரிசையில் போய் இருந்தான். நான் சண்டைக்கு ஆயத்தமாகத்தான் நின்றேன்.

ஆடி முடிந்ததும் வழமைபோலப் பொன்னாடைகள். "இந்த வடிவான முழு நிலவைக் கீறித் தந்த அல்பேர்ட்!" என்று கூப்பிட்டார் தலைவர். போர்த்தினார்கள். அவன் மைக்கை வாங்கினான்.

"இது நான் கீறின நிலா இல்லை. வரதராசா கீறினது. மரியாதை அவருக்குத்தான் சேரவேணும்."

என்னை மேடைக்கு இழுத்து அந்தப் பொன்னாடையைப் போர்த்தினான். என்ன பெருந்தன்மை என்று சபை எழும்பிக் கைதட்டியது. அவனோ என் கழுத்தடியில் துணியை இறுக்கிக்கொண்டு என் காதுக்குள் சொன்னான்: "பிரேதத்துக்குப் போர்த்திறன், மூதேவி."

நான் கமராவுக்குச் சிரித்தேன். வேறென்ன செய்ய!

அடுத்த ஞாயிறு, பிழை பிடிக்கவென்றே, நானும் அந்த ஓவியக்கூடத்துக்குப் போனேன். அங்கே ஒரு படத்தில் நிலா பாதிதான் தெரிந்தது. கீழே பாறையின் ஈரம்கூடப் பளபளத்தது. அந்த அறுவான் அல்பேர்ட் சொன்னது சரி. அதை நினைக்க இன்றைக்கும் வயிறு பற்றி எரிகிறது.

அல்பேர்ட் கீறிய கடலை, அவனைத் தவிர, பார்த்தவன் நான் ஒருத்தன்தான். பார்த்த அன்றைக்கே அழித்தும் போட்டேன்.