வேலிக்கு வைத்த சிவப்பு

எங்கள் ஐயாவின் சவப்பெட்டியை ஒழுங்கையால், அந்தச் சின்னத் தெருவால், நேராகக் கொண்டுபோக முடியவில்லை. பக்கத்து வளவுக்காரன் ஓலை வேலி அடைக்கும்போதெல்லாம் எங்கள் ஒழுங்கைக்குள் கொஞ்சம் அரக்கி வைப்பான். பெட்டியைச் சரித்துத்தான் எடுத்தோம். உள்ளே ஐயா ஒருபக்கம் உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

அவன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஓலை கிழியாமல் பாத்துப் போங்கோ" என்றான்.

நான் பெட்டியை இன்னும் கொஞ்சம் சரித்தேன்.

அந்த வருடம் கோயில் கூத்துக்கு மேடையின் பின்னால் தொங்கவிடும் சீன், தெருப் படம் போட்ட சீலை, மழையில் ஊறிப் பழுதாகிவிட்டது. ஊர்காவற்றுறையில் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிப்பது என் தொழில். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் என்னைக் கேட்டார்.

என்னிடம் இருந்தது மிச்சப் பெயின்ற். நீலம், வெள்ளை, சிவப்பு. பழைய பாய்ச்சீலையில் எங்கள் ஒழுங்கையையே படமாகக் கீறினேன். சுவர், ஓடு, பனை எல்லாவற்றுக்கும் அள்ளிப் பூசினேன்.

அண்ணாவியார் பார்த்தார். "தம்பி, இது தெருவோ வள்ளமோ? ஒரு துடுப்பும் வைச்சுவிடும்."

வெள்ளையால் முழுவதையும் மூடினேன். மத்தியானம் ஒழுங்கையில் போய் நின்றேன். மணலில் விழுந்த நிழல் கறுப்பு இல்லை, நீலம். நீலத்துக்குள் கொஞ்சம் சிவப்பும் வெள்ளையும் விட்டால் பழஞ்சுவரின் மங்கல் வந்தது. பச்சை இல்லை, பனையும் நீலம்தான். எல்லாம் அடங்கி நின்றன. ஆனால் கண் ஓரிடத்திலும் நிற்கவில்லை. சிவப்பை ஒரே இடத்தில் வைக்கவேண்டும் என்று அப்போதுதான் விளங்கியது. எந்த இடம் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

பக்கத்து வளவுக்காரனின் வேலி. தெருவுக்குள் வயிறு தள்ளிக்கொண்டு, தனிச் சிவப்பில்.

கூத்தன்று திரை விலகியது. முன்வரிசையில் அவன் இருந்தான். பின்னாலிருந்து ஒருவர், "அண்ணை, உங்கடை வேலி மேடைக்கும் வந்திட்டுது" என்றார்.

"பொறுங்கோ, விடியிறதுக்குள்ளை ராசாவின்ரை அரமனைக்கையும் போயிடும்" என்றார் இன்னொருவர். சனம் சிரித்தது. ராசாவாக நின்றவனும் சிரித்தான்.

அடுத்தநாள் அவன் என் வாசலுக்கு வந்தான்.

"அதிலை வேறை நிறம் பூசும்."

"வேறை நிறம் இல்லை."

"நீலம் இருக்கெல்லோ?"

"ஓம். அது நிழலுக்கு."

அந்தக் கிழமையே வேலி பழைய இடத்துக்குப் போனது. ஒழுங்கையால் வண்டில் வந்தது. அண்ணாவியார், "வேலிதான் போயிட்டுதே. இனி அதை மூடிவிடும்" என்றார்.

"ஏலாது" என்றேன்.

பிறகு எத்தனையோ கூத்துக்கு அந்தச் சீன் தொங்கியது. அவன் பின்வரிசைக்குப் போய்விட்டான். தூரத்திலிருந்துதான் சிவப்பு நன்றாகத் தெரியும்.