மலையில் மார்ச் மாதம்

காலையில் எழும்பியதும் ஜொய்சி அக்கா பார்ப்பது பனிச்சறுக்கு மலையின் பனி அறிக்கையை. அவர் சறுக்கப் போகிறவரல்ல. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருந்துகொண்டு, பக்கத்துக் கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், சமைப்பவர். அவருடைய கணவர் றெனோல்ட் அந்த மலையடிவாரக் கிராமத்துச் சேமக்காலையில், ஒரு கல் அறைக்குள், இன்னும் அடக்கம் செய்யப்படாமல் பெட்டியோடு கிடந்தார்.

றெனோல்ட் அண்ணை அந்த மலையில்தான் வேலை செய்தார். மேலே போகும் நாற்காலிகளில் சனத்தை ஏற்றிவிடும் வேலை. நவம்பரில் இரவிரவாக இயந்திரங்கள் பனியைப் பீச்சி அடிக்கும். டிசம்பரில் ஒரு மழை வந்து அதை அரைவாசி கழுவிக்கொண்டு போகும். ஜனவரியில் மூச்சு மீசையில் உறையும். காற்று கூடினால் நாற்காலிகளை நிற்பாட்டிவிட்டு எல்லாரும் கோப்பி குடிப்பார்கள். பெப்ரவரிப் பனி மாவைப் போல. கோடையில் அதே சரிவில், ஈக்கடியோடு, புல்லு வெட்டுவார். இலை சிவந்து கொட்டினால் திரும்பவும் இயந்திரங்களைத் துடைக்கத் தொடங்குவார். “பனி இல்லாத மலையை ஆரும் பார்க்க வாறேல்லை. பாவம், நான்தான் பார்க்கிறன்” என்பார். செத்தால் தன்னை அங்கேயே அடக்கச் சொல்லியிருந்தார். ஜனவரியில் மாரடைப்பு வந்தபோது அக்கா அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

கோயில்காரர் தெளிவாகத்தான் சொன்னார்: நிலம் உறைந்துவிட்டது, இங்கே குளிர்காலத்தில் குழி வெட்டுவதில்லை, வசந்தத்தில் அடக்கம் செய்யலாம். அக்கா வீட்டுக்கு வந்து கலண்டரைப் பார்த்தார். வசந்தம் மார்ச் இருபதில் தொடங்குகிறது என்றிருந்தது. மரண அறிவித்தலில் அடுத்த நாளையே நல்லடக்கத் திகதியாகப் போட்டார். ஊருக்கு, குருநகருக்குப் போன் அடித்து றெனோல்டின் தமையன் செபமாலையையும் வரச் சொன்னார். மொன்றியலில் மார்ச் கடைசியில் நடைபாதை தெரியத் தொடங்கிவிடும். அதை வைத்துத்தான் அவர் மலையையும் கணக்குப் பார்த்திருக்கிறார்.

செபமாலை அண்ணைக்கு இது சின்ன விசயமல்ல. தாய் தகப்பன் இல்லாத தம்பிமார் இருவரையும் வளர்த்தவர். நடுவிலான் போரில் காணாமல் போனவன். அவனுக்கு ஒரு பிடி மண் போடக் கிடைக்கவில்லை. இவனுக்காவது போடவேணும் என்று, மகளின் கலியாண வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தார். உயிர்த்த ஞாயிறு கழிந்து கலியாணம். அதற்கு முதல் திரும்பவேணும்.

அவர் வந்திறங்கிய கிழமைதான் அந்த வருசத்தின் பெரிய பனி கொட்டியது. மலை அறிக்கை சந்தோசத்தில் துள்ளியது: பருவம் நீடிக்கப்படுகிறதாம். அடக்கம் தள்ளிப்போனது. செத்தவீட்டுக்கு வந்த சனம், இத்தனை வருசம் இருந்தும் மார்ச் தெரியாதோ என்று அக்காவின் காதுபடவே கதைத்தது.  கார்டரியில் பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிநின்று பனியைப் பார்த்துக் கைதட்டினால், அக்கா குசினிக்குள் போய்விடுவார்.

ஏப்ரலில் பகல் இளகும், இரவு இறுகும். காலையில் சரிவெல்லாம் கண்ணாடி, மத்தியானம் சோற்றுக்கஞ்சி. “இண்டைக்கு என்னவாம் பிள்ளை?” என்று செபமாலை அண்ணை தேத்தண்ணியோடு வந்து நிற்பார். “குறையுது அண்ணை” என்பார் அக்கா. குறையாத நாளிலும் அதையேதான் சொன்னார்.

செபமாலை அண்ணையின் பயணத்துக்கு முதல் நாள் இருவரையும் என் காரில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் எனக்குத் தெருவில் கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பனிக்கட்டி இருக்குமோ என்ற பயம். சேமக்காலையில் சிலுவைகளின் தலைகள் மட்டும் தெரிந்தன. செபமாலை அண்ணை முழங்காலளவு புதைந்து புதைந்து நடந்து, கல் அறையின் பூட்டிய கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குழி வரப்போகும் இடத்தைக் கேட்டார். குந்தியிருந்து இரண்டு கையாலும் பனியை விறாண்டினார். கீழே ஐஸ். அதற்குக் கீழேயும் ஐஸ். நகக்கண்ணில் இரத்தம் வந்தபிறகுதான் அக்கா அவரின் கையைப் பிடித்தார்.

“என்ரை பிழை அண்ணை. உங்களுக்காக நான் ஒரு பிடி போடுறன்.”

“வேண்டாம் பிள்ளை.” அவர் கையைச் சட்டையில் துடைத்தார். “எனக்குப் பதிலா ஒருத்தரும் போடவேண்டாம். நான் போடேல்லை. அது அப்பிடியே இருக்கட்டும்.”

கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. அதனால்தான் அக்கா காருக்குள் வந்து அப்படி அழுதிருக்கவேணும்.

மே நடுப்பகுதியில் அடக்கம் நடந்தது. கறுத்த சின்ன ஈக்கள் கண்ணைச் சுற்றின. உச்சிச் சரிவில் ஊத்தைப் பனி ஒரு துண்டு கிடந்தது. சுவாமியார், அக்கா, நான், மலையில் றெனோல்ட் அண்ணையோடு வேலை செய்த இருவர். ஆளுக்கொரு பிடி போட்டோம். அக்கா தன்னுடையதைப் போட்டுவிட்டு மண் குவியலின் பக்கத்திலேயே நின்றார். ஒருதரம் குனிந்து கையை நீட்டினார். பிறகு நிமிர்ந்து, மூடச் சொல்லித் தலையசைத்தார்.

திரும்பும்போது அக்கா காருக்குள்ளிருந்து குருநகருக்குப் போன் எடுத்தார். அங்கே பொழுதுபட்டிருக்கும். முடிந்ததா என்று செபமாலை அண்ணை கேட்கவில்லை.

“மண் எப்பிடிப் பிள்ளை இருந்தது?”

“ஈரம் அண்ணை. கையிலை ஒட்டிச்சுது.”

அதற்குப் பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. பெருந்தெருவில் ஏறிய பிறகும் அக்கா அந்தப் போனைக் காதில் பிடித்தபடியே இருந்தார்.