கழிவுநீர் லாரிக்கான மொட்டை மாடிக் கூட்டம்

இன்று காலை எங்கள் குடியிருப்பில் கூட்டம். கழிவுநீர் லாரிக்காரர் கட்டணத்தை ஏற்றிவிட்டதால் ஒவ்வொரு வீடும் மாதாமாதம் தரும் பங்கையும் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் லாரி வராது. தொட்டியில் இருப்பது தரைத்தள ஸ்டெல்லா அக்காவின் குளியலறைக்கு வந்துவிடும். நேற்றே எட்டிப் பார்த்துவிட்டுப் போனதாம்.

முதலில் மறுத்தவர் ஹார்பரில் வேலை செய்யும் ஆரோக்கியம் அண்ணன்.

"நான் எல்லாத்தையும் டூட்டிலயே முடிச்சிக்கினு வந்துர்றேன். நான் இன்னாத்துக்கு ஏத்திக் குடுக்கணும்?"

வாதத்தின் அழகில் கூட்டம் மயங்கிப்போனது.

"நானும் எண்ணூர் கம்பெனிலயேதான்பா," என்றார் இரண்டாம் மாடி குமார். மேல்மாடித் தம்பதியோ, விடுமுறை நாட்களில் தாங்கள் மாமியார் வீட்டில் இருப்பதை நினைவூட்டினார்கள்.

பிறகு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் என்னை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்டெல்லா அக்காவும் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஒல்லிக்குச்சியா ஒத்த ஆளா டேங்க்க ரொப்பிச்சி?"

பிறகு எழுந்து நின்றார்.

"சரி, லாரியே வாணாம். உங்க பாத்ரூமுங்க எல்லாம் சும்மாதான கீது? இன்னிலேர்ந்து என் வூட்டு ஜனம் மொத்தமும் அங்க வந்துரும். ஆரோக்கியம், உன் வூட்டு சாவியக் குடு."

கட்டண உயர்வு ஏகமனதாக நிறைவேறியது. நாளை லாரி வருகிறது.

ஆனாலும், இந்தக் கட்டடத்தில் கழிவறைக்குப் போகிறவன் நான் ஒருவன்தான் என்பது ஊரறிந்த உண்மையாகிவிட்டது. உங்கள் கட்டடத்தில் என்னைப் போல் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் தொடங்கலாம்.