லியோபா மாட்டிய போல்ட்

லோதார் க்ளேஸின் பைக்கைப் பேய் பிடித்து ஆட்டுகிறது என்று ஊரில் முதலில் கிளப்பிவிட்டது பியர்க்கடை யூப். அவன் வாயிலிருந்து வருவதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்பேன். அந்த ஜூன் மாதம், தள்ளியது போக மிச்சமிருந்த பாதியே என் தூக்கத்தைக் கெடுத்தது.

“ஆடெனாவ் ரோட்டுல பார்த்தேன், அக்னெஸ். ஹேண்டில் இப்படி ஆடுது.” என் பட்டறை வாசலில் நின்று இரண்டு கையையும் காற்றில் உதறிக் காட்டினான். “அவன் என்னடான்னா சிரிச்சிக்கிட்டே போறான். பக்கத்துல மாட்டற படகுப் பெட்டி இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா வலது பக்கம் படகுக்கு இடம் விட்டே ஓட்டறான்.”

“எத்தனை கிளாஸ் உள்ள போயிருந்தது உனக்கு?”

“கடைக்காரன் குடிச்சா கடை விளங்குமா? சத்தியமா சொல்றேன், உங்க அக்காதான் ஆட்டறா.”

அக்கா போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியை அவன் மூஞ்சியில் எறிந்து விரட்டினேன்.

லோதாரும் நானும் ஒரே வகுப்பு. கூரைக்குச் சிலேட்டுக் கல் பதிப்பது அவன் தொழில். மாதாகோவில் கோபுரத்து உச்சியில் ஒற்றைக் காலை ஏணியில் ஊன்றிக்கொண்டு, அடிக்கிற காற்றில் ஈரல் சாசேஜ் வைத்த ரொட்டியை நிதானமாகத் தின்பான். கீழே இறங்கினால் நாலு பேர் முன்னால் வாய் திறக்காது. எங்களைவிட மூத்தவளான என் அக்கா லியோபா இவனைக் கட்டிக்கொள்ளப்போகிறேன் என்றபோது ஏனென்று கேட்டேன். “நான் பேசினா கேட்கறதுக்கு ஒரு ஆள் வேணும்டி. பதில் பேசறதுக்கு நீங்கல்லாம் இருக்கீங்களே,” என்றாள்.

அவர்கள் குடித்தனத்தில் பாதி பைக்கில்தான் நடந்தது. மியூனிக்கில் செய்த கறுப்பு பைக், வலப்பக்கம் ஒற்றைச் சக்கரத்தோடு ஆள் உட்காருகிற ஒரு பெட்டி. அந்தப் பெட்டியை எங்கள் பக்கம் படகு என்போம். மடியில் கட்டம் போட்ட கம்பளி, காலிடுக்கில் காப்பி ஃபிளாஸ்க், ஓயாத வாய், இதுதான் படகில் லியோபா. என்ஜின் சத்தத்தில் அவனுக்கு ஒரு வார்த்தை கேட்காது. அந்த வீட்டில் சண்டையே வராததற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம். வேகம் தொண்ணூறைத் தொட்டால் மட்டும் படகின் விளிம்பில் உள்ளங்கையால் படபடவென்று அடிப்பாள். அது அவனுக்குக் கேட்கும். உடனே குறைத்துவிடுவான்.

ஒரு பனிக்காலத்தில் மேட்டுப் பண்ணைக் கிழவர் சாகக் கிடந்தார். கார் எதுவும் ஏறாத பனி. லோதார் பங்குச் சாமியாரைப் படகில் வைத்து ஏற்றிக்கொண்டு போனான். கிழவர் அதற்கப்புறம் ஆறு வருடம் இருந்தார். சாமியார்தான் அன்றைக்கு முகம் வெளுத்து, சாகிறவர்களுக்குப் பூசுகிற கடைசி எண்ணெயைத் தனக்கே பூசிக்கொள்ளலாமா என்று யோசித்ததாகச் சொன்னார். லியோபா இதை எல்லாக் கல்யாணத்திலும் சொல்வாள். லோதார் தட்டைப் பார்த்தபடி சிரிப்பான்.

மே நடுவில் வருகிற புனித சோஃபியின் திருநாளை நாங்கள் குளிர் சோஃபி என்போம்; அது தாண்டாமல் எங்கள் ஊரில் யாரும் பீன்ஸ் ஊன்றமாட்டார்கள்; லோதார் படகைக் கழற்றமாட்டான். சோஃபி போய்விட்டால் உறைபனி இல்லை, தனி பைக்கில் வேலைக்குப் போவான். நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்குப் பிள்ளைகள் விளக்கேந்திப் போகும்போது படகு திரும்ப ஏறிவிடும். “எவளோ சோஃபியாம், அவ வந்தா என்னை இறக்கிவிட்டுடறான்,” என்று அக்கா அங்கலாய்ப்பாள். கோடை முழுக்கப் பின் சீட்டில் உட்கார்ந்து, காப்பி வைக்க இடமில்லை என்று முணுமுணுப்பாள்.

படகைக் கழற்றினால் மட்டும் போதாது. அந்த பைக்கில் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஃபோர்க் ஒரு நீளமான போல்ட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடும். அந்தப் போல்ட்டுக்கு இரண்டு இடம் உண்டு, முன் ஓட்டை, பின் ஓட்டை. பின் ஓட்டையில் மாட்டினால் சக்கரம் கொஞ்சம் பின்தள்ளி நிற்கும். தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் இழுத்த பக்கம் தானே திரும்பி வருவதுபோல, ஓட ஓட அதுவே நேராகிக்கொள்ளும். தனி பைக்குக்கு அதுதான் உயிர். படகோடு ஓட்டினால் அதே குணம் சனியனாகிவிடும். ஒவ்வொரு வளைவிலும் ஹேண்டிலோடு மல்லுக்கட்டித் தோள் கழன்றுபோகும். அதனால் படகு ஏறும்போது போல்ட் முன் ஓட்டைக்குப் போகும். சக்கரம் துளி முன்னால் நகர்ந்ததும் ஹேண்டில் லேசாகிவிடும். அப்படியே விட்டுப் படகை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டினால், ஒரு வேகத்துக்கு மேல் ஹேண்டில் தானாக உதறத் தொடங்கும். உதறல் முற்றினால் ஆளைத் தூக்கி வயலில் எறியும்.

போல்ட்டை இடம் மாற்றுவது அவர்கள் வீட்டில் இரண்டு பேர் வேலை. அவன் தோள் கொடுத்து ஃபோர்க்கைத் தூக்கிப் பிடிப்பான். அவள் கிரீஸ் தடவி, போல்ட்டை நுழைத்து, நட்டை முறுக்குவாள். பட்டறையை நான் நடத்துகிறேன், ஜாக் இருக்கிறது, கொண்டுவாருங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். வரவேமாட்டார்கள்.

பிப்ரவரியில் அக்கா போனாள். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு, மடித்த துணிமேலேயே சாய்ந்துவிட்டாள். அடக்கம் முடிந்து எல்லாரும் காப்பியும் கேக்குமாக உட்கார்ந்திருந்த இடத்தில் லோதார் ஆணி அடித்துவைத்த மாதிரி இருந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஊர் அதையும் விடாமல் பேசியது. மே மாதம் சோஃபி போனதும் வழக்கம்போலப் படகைக் கழற்றி, முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடினான்.

ஆகவே யூப் கையை உதறிக் காட்டியபோதே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பேயுமில்லை பிசாசுமில்லை, போல்ட் இன்னும் முன் ஓட்டையில் நிற்கிறது. இரண்டு பேர் வேலையில் ஒருத்தி இல்லை, மடையன் மறந்துவிட்டான். சனிக்கிழமை மத்தியானம் ஜாக்கையும் ஸ்பானரையும் வேனில் போட்டுக்கொண்டு போனேன். ஊரே வாசல் பெருக்குகிற நேரம். அவனும் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தான். வேலை முடிந்ததும் ஒரு பியர் குடித்துவிட்டு வரலாம் என்று நினைத்திருந்தேன்.

குனிந்து பார்த்தேன். போல்ட் முன் ஓட்டையில்தான் இருந்தது. நிமிர்ந்தபோது கை தானாக ஹேண்டிலின் நடுவே இருக்கிற திருகில் பட்டது. அதை இறுக்கினால் ஹேண்டில் கனத்து உதறல் கொஞ்சம் அடங்கும். போல்ட்டை மறந்த எவனும் வண்டி ஆடுகிறதே என்று பயந்து முதலில் இறுக்குவது அந்தத் திருகைத்தான். அது முழுசாகத் தளர்த்தப்பட்டிருந்தது. ஒற்றை விரலால் தொட்டால் சுழன்றது.

“லோதார், இதை யார் தளர்த்தினது?”

பெருக்குவதை அவன் நிறுத்தவில்லை. “நான்தான்.”

“போல்ட் எங்க இருக்குன்னு தெரியுமா?”

“முன்னால.”

“தெரிஞ்சேவா ஓட்டறே?”

“வருஷம் ரெண்டு தடவை மாத்தினவன். எனக்குத் தெரியாதா?”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. “சாகணும்னா கோபுரத்துலேருந்து குதிச்சுத் தொலையேன்! நல்ல வண்டியை எதுக்குடா பாழாக்கறே?”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். அவன் அத்தனை பேசி நான் கேட்டதே இல்லை.

“சாகறதுக்கு இல்ல. எண்பத்தஞ்சு வரைக்கும் சும்மா இருக்கும். தொண்ணூறுல ஆரம்பிக்குது. சரியா தொண்ணூறுல, அக்னெஸ். நான் குறைச்சா விட்டுடுது.”

படகின் விளிம்பில் அடிக்கிற அக்காவின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. காட்டிக்கொள்ளாமல், “அது போல்ட்டுடா,” என்றேன்.

“போல்ட்தான். நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல. அந்தப் போல்ட்டை அங்க மாட்டினது யாரு? மார்ட்டின் திருநாளுக்கு அவ மாட்டினது. அதுக்கப்புறம் வேற கை படல. அப்ப ஆட்டறது யாரு?”

  மறுபடி குனிந்து அந்த நட்டைப் பார்த்தேன். “தொண்ணூறோட நிறுத்திக்கறே இல்ல?”

அவன் தார்ப்பாயைப் பார்த்தான். “வியாழக்கிழமை நூறு போனேன். குறைச்சா உடனே விட்டுடறாளே. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமேன்னுதான்.”

நூறு. அந்த உதறல் நூறில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நூற்றைந்தில் அவனை வரப்பிலிருந்து பொறுக்க வேண்டியிருக்கும். நான் ஸ்பானரை எடுத்தேன். அவன் குறுக்கே வந்து நின்றான். தள்ளவில்லை, திட்டவில்லை, நின்றான். கூரைக்காரனின் உடம்பு, நகராது.

“நீ ஓட்டிப் பாரு,” என்றான். “பார்த்துட்டு வந்து அது வெறும் போல்ட்டுன்னு சொல்லு. எடுத்துடலாம்.”

ஆணி மாதிரி இருக்கிற பைக் சாவியை என் கையில் வைத்தான்.

ஆடெனாவ் சாலையில் வைக்கோல் வாசம். எண்பது, எண்பத்தைந்து, பைக் பட்டு மாதிரி போனது. தொண்ணூறு. உள்ளங்கைக்குக் கீழே அது ஆரம்பித்தது. முதலில் சின்னதாகத்தான், தூங்குகிறவளைத் தோளில் தட்டி எழுப்புகிற மாதிரி. எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும், கேட்டால் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்தே காட்டுவேன். அந்தத் தெரிதல் எதற்கும் உதவவில்லை. குறைக்கவேண்டிய கை குறைக்கவில்லை. ஆட்டம் வலுத்தது, தோள்வரை ஏறியது, வலப்பக்கம் இருந்த வெறும் இடத்தில் யாரோ எனக்குக் கேட்காத எதையோ விடாமல் பேசிக்கொண்டு வருவதுபோல இருந்தது. “லியோபா, விடுடி!” என்று ஹெல்மெட்டுக்குள் கத்தினேன். முன் சக்கரம் பள்ளத்தை நோக்கி இழுத்தபிறகுதான் கை குறைத்தது. உடனே நின்றுவிட்டது. விட்டுவிட்டது என்று சொல்வதா, நின்றுவிட்டது என்று சொல்வதா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாலையோரச் சிலுவையடியில் நிறுத்தி உட்கார்ந்தேன். எனக்கே குறைக்க மனம் வரவில்லை என்றால் அவனுக்கு எப்படி வரும்? அடுத்த வியாழக்கிழமையோ அதற்கடுத்ததோ, அவன் போய்விடுவான். ஓட்டை, போல்ட் என்று பேசிப் பிரயோஜனமில்லை. அதெல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

அவன் வாசலிலேயே நின்றிருந்தான். நான் இறங்கக்கூட இல்லை.

“இருந்தாளா?”

“இருந்தா.”

“ஏதாவது சொன்னாளா?”

“சொன்னா.” எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் என் வாயில் வந்தது. “கை வலிக்குதாம்.”

அவன் என்னையே பார்த்தான்.

“நவம்பர்லேருந்து இந்தப் போல்ட்டைப் பிடிச்சிக்கிட்டே இருக்கேன், கை வலிக்குதுடி, இவன் விடமாட்டேங்கறான், நீயாவது சொல்லுன்னா.”

நான் புளுகுகிறேன் என்பது அவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். பக்கத்து வீட்டில் யாரோ பெருக்கி முடித்துத் துடைப்பத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. லோதார் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தான்.

“வலிக்கும்தான்,” என்றான். “பாவம்.”

போய் ஃபோர்க்குக்கு அடியில் தோளைக் கொடுத்தான். ஜாக்கை எடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினான். “நீ கழட்டு.”

நட்டு இறுகிப்போயிருந்தது. அக்கா எதையும் அரைகுறையாக முறுக்கினவள் இல்லை. முழு உடம்பையும் போட்டு ஸ்பானரை இழுக்க வேண்டியிருந்தது. பிறகு போல்ட் மெதுவாக வெளியே வந்தது, அவள் தடவிய கிரீஸோடு. அதைத் துடைத்துப் புதிது தடவவேண்டும், அதுதான் முறை. துடைக்காமல் அப்படியே பின் ஓட்டையில் நுழைத்தேன். ஸ்பிரிங்கின் மேல் பிடியையும் மாற்றி, எல்லாவற்றையும் முறுக்கி முடிக்கும்வரை அவன் தோளை எடுக்கவில்லை, மூச்சுகூட விட்ட மாதிரி தெரியவில்லை.

பைக்கை எடுத்துக்கொண்டு போனான். மேட்டில் கியர் மாறுவது கேட்டது, பிறகு நேர் சாலையில் என்ஜின் ஏறி ஏறிப் போவது கேட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. நான் முற்றத்தில் நின்றேன். திரும்பி வந்தபோது சாலையின் வலது ஓரமாக, படகுக்கு இடம் விடாமல், எல்லாரும் வருகிற மாதிரி வந்தான்.

என்ஜினை அணைத்தான். “நூத்திப்பத்து,” என்றான். “ஒண்ணுமே இல்ல, அக்னெஸ். விட்டுட்டா.”

தார்ப்பாய் மூடிய படகின் மேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், ஊருக்கே கேட்கும்படி ஓவென்று அழுதான். அவனை நான் காப்பாற்றிவிட்டேன். போய்த் தோளைத் தொட வேண்டும். கை முழுக்க அவளுடைய கிரீஸ் இருந்தது, அதைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.