லோடோடு ஒரு டெஸ்ட் டிரைவ்

எங்கள் பழைய பிக்கப், டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி. புளி மூட்டைகளோடு மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்குச் சுகமாக இறங்கிவிடும். சாமான் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதுதான் வளைவுக்கு வளைவு திணறும். நான் ஓட்டுவேன். வண்டி நின்றால் வீட்டுக்காரர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கல் வைப்பார்.

போன வருஷம் புது வண்டி பார்க்கப் போனோம். "மலைக்கு டீசல்தான்" என்றார் அவர். டீசல் வண்டியின் அதிர்வு எனக்கு ஆகாது. ஷோரூம்காரர் டர்போ வைத்த பெட்ரோல் பிக்கப் ஒன்றைக் காட்டினார்.

"வெளிய போற புகை ஒரு சின்ன விசிறியச் சுத்தும்ங்க. அது இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளும். இழுவை கூடும்."

"காத்தால லோடு ஏறுமா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

"வெறும் வண்டி எங்கயும் ஏறும்ங்க. லோடோட ஓட்டிப் பாக்கணும்" என்றேன் நான். வீட்டு வேலைக்கு வாங்கிய முப்பது மூட்டை சிமெண்ட் திருப்பத்தூர்க் கடையிலேயே கிடந்தது. என் கணக்கு ஷோரூம்காரருக்குப் புரிந்துவிட்டது. மேனேஜரைக் கேட்டுவிட்டு, "சரிங்க, நானும் வர்றேன்" என்றார் சிரித்தபடி.

சிமெண்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மலையிலேயே செங்குத்தான வளைவில் வேண்டுமென்றே நிறுத்தினேன்.

"இன்னா நிறுத்திட்ட?" வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் கல் தேடிக் கதவைத் திறந்தார்.

"ஒக்காருங்க" என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்லிய விசில் சத்தம். யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் சரசரவென ஏறிவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் 'ஓ'வென்று கத்தியே விட்டேன். நடுவில் உட்கார்ந்திருந்த ஷோரூம்காரர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் ஷோரூம்காரரும் எங்களோடு மூட்டை இறக்கினார். வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானது. முகம் கழுவிவிட்டு, அறுத்து வைத்த பலாப்பழத்தில் பாதியை அவரே முடித்தார். அதற்குள் வீட்டுக்காரர் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தார்.

"அந்த விசிறி எங்கங்க கீது?"

"உள்ள மூடியிருக்குங்க, கண்ணுக்குத் தெரியாது."

நம்பாமல் இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். "சாவியக் குடு. கீழ எறங்கும்போது நான் ஓட்றேன்."

சாயங்காலமே புக் பண்ணிவிட்டோம். லோடோடு ஏறும்போது பெட்ரோலைக் கொஞ்சம் கூடவே குடிக்கிறது. டீசல் கேட்ட வீட்டுக்காரர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை.